அத்தையின் நெளி மோதிரமும் என் எக்ஸ்ரே பரீட்சையும்

அசிங்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். சும்மா இருப்பவர்களுக்கு அது வாய்க்காது. முதலில் ஊர் முழுக்கப் பெருமை அடித்திருக்க வேண்டும். அந்தத் தகுதி எனக்கு இருபது வயதிலேயே தேவைக்கு மேல் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் நான் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தேன். இடுக்கி எடுத்துக் கொடுப்பது, எச்சில் துப்பும் கிண்ணத்தைக் கழுவுவது, பல் பிடுங்க வந்துவிட்டு ஓடப் பார்க்கும் ஆம்பிளைகளைத் தோளைப் பிடித்து உட்கார வைப்பது, இதெல்லாம் என் வேலை. (கடைசி வேலையில் என்னை அடிக்க ஆளே கிடையாது.) அப்போதுதான் டாக்டர் புதிதாக ஓர் எக்ஸ்ரே மெஷின் வாங்கினார். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் அதைத் தொடலாம் என்று சொல்லி, ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட்டார். துணிமேல் இருந்த தூசியைத் தட்டக்கூட எனக்கு அனுமதி இல்லை. வந்ததே ரோஷம்! டோபி காட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பல் மருத்துவ உதவியாளர்களுக்கான எக்ஸ்ரே பயிற்சி வகுப்பு மாலையில் நடந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா உடனே ஒரு நிபந்தனை போட்டார். காரணம் அத்தை. அப்பாவுக்கு அக்கா, தஞ்சோங் பகாரில் குடியிருந்தார். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் செகாமட்டில் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, வேலை பார்த்த ஒரு பையனை, தன் வீட்டுக்காரர் வழி உறவு, எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். வரும்போதெல்லாம் அவன் போட்டோவும் கூடவே வரும்.

"பாஸ் பண்ணினா நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, நான் வாயே தொறக்க மாட்டேன். ஃபெயிலானா, அக்கா சொல்ற எடம்தான்" என்றார் அப்பா.

"நான் ஃபெயிலா? நல்லாச் சொன்னீங்கப்பா!" என்று சிரித்தேன்.

பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வேலை எனக்கு உயிர். அந்த வெள்ளைத் துணியை நான்தான் விலக்க வேண்டும் என்று ராப்பகலாக ஆசைப்பட்டேன். செகாமட்டுக்குப் போனால் அது நடக்குமா?

வகுப்பில் நான்தான் முன்வரிசை. அந்தக் காலத்தில் வாய்க்குள் வைக்கும் சின்ன ஃபிலிமை நோயாளியேதான் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலப்பக்கப் பல்லுக்கு இடது கை, இடப்பக்கப் பல்லுக்கு வலது கை. அப்போதுதான் கை நடுவில் வந்து மறைக்காது. இன்னொரு பாடம், ஃபிலிம் பொட்டலத்தின் முதுகுப் பக்கம் வரிவரியாக அச்சுப் பதிந்த ஓர் ஈயத்தாள் இருக்கும். பொட்டலத்தைத் திருப்பி வைத்தால் அந்த வரிகள் படத்தில் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். அது கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் கத்துக்குட்டியா? தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.

பழகியதெல்லாம் பெரும்பாலும் ஒரு மண்டையோட்டின்மேல். மண்டையோட்டுக்குக் கையே கிடையாது, அதனால் கைத் தகராறும் வரவில்லை. கூடப் படித்த சீனப் பெண்கள் எந்தக் கையைச் சொன்னாலும் பிடித்துக்கொள்வார்கள். என் வாயைப் படம் எடுத்தவளோ ஒவ்வொரு முறையும் என் இடப்பக்கச் சொத்தைப் பல்லையே குறி வைத்தாள். ஆக, கடைசிவரை என் இடது கைக்கு வேலையே வரவில்லை.

பரீட்சைக்கு அவரவர் ஒரு நோயாளியைக் கூட்டிவர வேண்டும். அத்தைக்கு வலது மேல் கடைவாய்ப்பல்லில் வலி.

"அவங்களையா கூட்டிட்டுப் போறே? வேற ஆளே கெடைக்கலையா?" என்று அம்மா பதறினார்.

"என் கையில யாரு கெடைச்சாலும் பாஸ்தாம்மா" என்றேன். (இப்படிப் பேசும் பெண்ணை இப்போது நான் பார்த்தால் தலையில் ஒரு குட்டு வைப்பேன்.)

பரீட்சை நாள். அத்தை பட்டுப்புடவையில் வந்தார். உலோகம் படத்தில் விழும் என்பதால் தோட்டைக் கழற்ற வைத்தேன். மூக்குத்தியைக் கழற்றப் பெரிய போரே நடந்தது. கடைசியில் கழுத்துக்கு மேலே குந்துமணித் தங்கம் இல்லை. ஒன்றையும் விடவில்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். பரீட்சை டாக்டர், கண்ணாடி போட்ட ஒரு சீன மாது, அடுத்த அறையில் விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷின் அறையில் ஒரு நர்ஸ் மட்டும். ஆளுக்கு ஒரே ஒரு ஃபிலிம்தான், கெட்டால் கெட்டதுதான் என்று சொல்லி அவர் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

ஃபிலிமை அத்தை வாய்க்குள் வைத்தேன். "அத்தை, இடது கைக் கட்டைவிரலை உள்ள விட்டு இதை அழுத்திப் பிடிச்சுக்குங்க."

அத்தை ஃபிலிமை வெளியே எடுத்துவிட்டார்.

"எந்தக் கை?"

"இடது கை."

"ஏண்டி சரோஜா, நீ சோறு எந்தக் கையில திங்கிறே?"

"வலது கையில."

"அப்ப என் வாய்க்கு மட்டும் என்னடி இந்தக் கை?"

"சோப்புப் போட்டுக் கழுவிக்கலாம் அத்தை."

"சோப்புப் போட்டா இடது வலதாயிடுமா?"

இதற்கு எந்த வகுப்பிலும் பதில் சொல்லித் தரவில்லை. கதவுக்கு வெளியே அடுத்த பெண் காத்திருந்தாள். "சீக்கிரம் லா!" என்றார் நர்ஸ். உள்ளதைச் சொன்னால் எனக்கே கூசியது. அப்பாவின் அக்காவைப் பார்த்து அந்தக் கையை வாயில் வை என்று எப்படி இன்னொரு தரம் சொல்வது? உடனே என் மேதாவித்தனம் விழித்துக்கொண்டது. விதியெல்லாம் விவரம் இல்லாதவர்களுக்கு. மெஷினைக் கொஞ்சம் சாய்த்து விரல் இடுக்கு வழியாக எடுத்தால் போயிற்று!

"சரி அத்தை, வலது கையாலேயே பிடிங்க" என்றேன். பிடித்தார். எடுத்தேன்.

இருட்டறையில் மங்கல் சிவப்பு விளக்கில் ஃபிலிமைக் கழுவும்போது பாட்டு வேறு பாடினேன். நெளிநெளியாக வெள்ளையாய் ஏதோ தெரிந்தது. ஆகா, பல்லின் வேர் எவ்வளவு அழகாக வளைந்திருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

பரீட்சை டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஃபிலிமைத் திருப்பி வைத்திருக்கிறாய். ஈயத்தாளின் வரி விழுந்திருக்கிறது பார்" என்றார் ஆங்கிலத்தில்.

என்னையா? கத்துக்குட்டித் தப்பா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்ததும் அந்த நெளியை எங்கே பார்த்தேன் என்று பிடிபட்டது.

"அது ஈயத்தாள் இல்லை டாக்டர்! அது எங்கள் அத்தையின் மோதிரம்!"

சொன்னதோடு விட்டேனா? ஓடிப்போய் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அந்தக் கையைப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினேன். மோதிர விரலில் நெளி மோதிரம். கல்யாணத்துக்குப் போட்டது, விரல் பருத்துப்போய்க் கழற்ற முடியாமல் கிடந்தது. வளைவுக்கு வளைவு அச்சு அசலாகப் பொருந்தியது. டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மோதிரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"ஆமாம், மோதிரம்தான்" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"அப்படியென்றால் பல் எங்கே?"

பல் இருக்க வேண்டிய இடத்தில் அத்தையின் விரல் எலும்புகள் வரிசையாகப் படுத்திருந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் கெட்டது போதாதென்று கையோடு தடயத்தையும் இழுத்துவந்து நிறுத்தியிருந்தேன். ஃபெயில். அடுத்த வகுப்பு முடிந்ததும் வேண்டுமானால் மறுபடி வா என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் ஓவென்று அழுதேன். அத்தை என்னை டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போனார். சாமி கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்ததும், கை குறுக்கே வந்த கதையை விவரமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா வச்சிருப்பீங்களா அத்தை?"

அத்தை யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "சரிக்கா, செகாமட்டுக்குச் சொல்லி அனுப்பிடலாம்" என்றார்.

"எங்கேயும் சொல்லி அனுப்ப வேணாம். அவ இன்னொரு தரம் எழுதட்டும்."

"பாஸ் பண்ணாத்தான் வேலைன்னு பேசியிருக்கோமேக்கா."

"அந்தப் பேச்சைத் தூக்கி ஒடப்புல போடு! அவ மூக்குத்தியெல்லாம் கழட்ட வச்சு ஒழுங்காத்தான் செஞ்சா. கெடுத்தது என் கை. இப்ப இவளைக் கட்டிக் கொடுத்தா, மாப்பிள்ளைக்காக அத்தைக்காரி வேணும்னே கெடுத்தான்னு நாலு பேர் பேச மாட்டாங்களா? அந்தப் பேர் எனக்கு வேணாம்ப்பா."

அக்கா சொன்னால் அப்பாவிடம் மறுபேச்சுக் கிடையாது. மறு பரீட்சைக்கு நான் வேறு ஆளைத் தேடப் போனபோது அத்தை என்னை முறைத்தார். "ஏன், என் பல்லுக்கு என்ன கொறை?"

அன்றைக்கு இடது கையை மஞ்சள் போட்டும் சோப்புப் போட்டும் தோல் உரியும்வரை கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, கட்டைவிரலை வாய்க்குள் விட்டார். முருகா என்றுதான் சொல்லியிருப்பார், எங்களுக்கு "மு... மு..." என்று மட்டும் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எனக்காக அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று அப்போதே தெரிந்தது. படத்தில் பல் முழுசாக, வேரோடு, வேரின் நுனியில் இருந்த சீழோடு வந்தது. பாஸ்! மறுநாள் எங்கள் பல் டாக்டர் முன்னாலேயே அந்த வெள்ளைத் துணியை உருவி எறிந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த வேலையை நான் விடவில்லை. கிராணி ஜோகூரிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாக இருந்தார். எனக்கும் சிங்கப்பூரிலேயே ஒருவர் கிடைத்தார்.

என் இளைய மகள் பிறவியிலேயே இடது கைக்காரி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்தாள். பக்கத்து இலைக்காரம்மா, "சீ, எந்தக் கையில திங்கிறது!" என்று அவள் கையில் ஓர் அடி போட ஓங்கிவிட்டார். எதிர் வரிசையிலிருந்து அத்தையின் குரல் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி வந்தது.

"புள்ளைய விடுங்க லா! அவ எக்ஸ்ரே எடுக்குறா!"

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகும் இடது கைக்காரப் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். அதற்காக ஒருவரும் அடி வாங்கியதில்லை. இலையில் அந்தக் கை நீளும்போது யாராவது ஒருவர், "என்ன, எக்ஸ்ரேயா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைப்பார்.