மூன்றாவது முசுக்கட்டை மரத்தில் கட்டிய துணி

ஓஷ் நகரம்,
மே 19

பல்கலைக்கழக இதழின் ஆசிரியர் சமத் எசெனொவ் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன். சென்ற இதழில் என்னைப் ‘புனித மரத்தின் காவலர்’ என்று எழுதியிருந்தீர்கள். அது தவறு. நான் எந்த மரத்தையும் புனிதமாக்கவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே தாவரவியல் கற்பித்தவள். நான் படித்த மகளிர் விடுதிப் பள்ளியில் பொய் சொன்னால் இரவு உணவு கிடையாது. நான் ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை.

நடந்தது இதுதான். நூலகத்துக்கு முன்னால் ஏழு முசுக்கட்டை மரங்கள் இருக்கின்றன. வாய்க்காலில் நமக்குத் தண்ணீர் முறை வெள்ளிக்கிழமை மட்டும். தண்ணீர் திருப்புகிறவர் மூன்றாவது மரத்தை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார் என்பதால், அடையாளத்துக்காக அதன் கிளையில் ஒரு பழைய தலையணை உறையைக் கிழித்துக் கட்டினேன். அது தேர்வு மாதம் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை பார்த்தால் அந்தக் கிளையில் நாற்பது துணிகள், எல்லாம் வேதியியல் மாணவர்கள் தேர்ச்சி வேண்டிக் கட்டியவை. அந்த வாரத்துக்குள் பக்கத்து இரண்டு மரங்களும் நிரம்பிவிட்டன, நகரத்திலிருந்து பெண்கள் ரொட்டியோடு வந்து மரத்தை மூன்று முறை சுற்றினார்கள், ஒருவர் என் கையைப் பிடித்துத் தன் பேரனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்டார்.

இந்த ஏழு மரங்களையும் வெட்ட ஆட்சிக்குழு மார்ச் மாதமே முடிவு செய்திருந்தது. பழம் விழுந்து கார்களில் கறை படிகிறதாம். ஜூலை பகல் இரண்டு மணிக்குச் சிமெண்ட் தரையில் நாற்பத்தொரு டிகிரி, மரத்தடியில் முப்பத்து மூன்று என்று நான் அளந்து எழுதிய அட்டவணையைக் கொடுத்தேன். தேர்வு அறைகளுக்குள் எவ்வளவு புழுதி குறைகிறது என்பதையும் சேர்த்திருந்தேன். அட்டவணையைப் பாராட்டினார்கள், பிறகு ஒருமனதாக வெட்டச் சொன்னார்கள். ஆனால் ரம்பத்தோடு வந்த துர்துபேக் துணிகளைப் பார்த்ததும், தொழுகை முடித்தவர்போல் இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

“என் மருமக முழுகாம இருக்கா. இதுல நான் ரம்பம் வைக்க மாட்டேன். வேணும்னா நீங்களே அறுத்துக்குங்க” என்று கட்டட நிர்வாகி கப்பாரிடம் சொன்னாராம்.

கப்பார் என் வீட்டுக்கு வந்து, தேநீரைக்கூடத் தொடாமல், “டீச்சரம்மா, கட்டினது நீங்க. எல்லார் முன்னாடியும் அவுத்துட்டு, இது வெறும் தலையணை உறைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றார். உண்மையைச் சொல்ல யாரும் என்னைக் கெஞ்ச வேண்டியதில்லை. போனேன், அவிழ்த்தேன், உரக்கச் சொன்னேன். கூட்டத்தில் இருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், “பாத்தியா, பெரியவங்க தன் மகிமைய இப்படித்தான் மறைப்பாங்க” என்றாள். நான் அவிழ்த்த துண்டை நூல் நூலாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே அந்தத் துணிக்கு எந்தச் சக்தியும் இல்லை, மரத்துக்கு இருப்பது நிழலும் பழமும் மட்டுமே, அதுவே போதும் என்பதை என் பெயரோடு முதல் பக்கத்தில் அச்சிடக் கோருகிறேன்.

உங்கள் வீட்டு ரொட்டி என்றும் சூடாக இருக்கட்டும். உங்கள் இதழின் எழுத்துப்பிழைகள் குறையட்டும்.

இப்படிக்கு,
கலிமா தோலோனொவா

பின்குறிப்பு: மேலே உள்ளதை இப்போது அச்சிட வேண்டாம். துணியில்லாத நான்கு மரங்களையாவது வருகிற புதன்கிழமை அறுத்துவிட, கப்பார் வெளியூர் ஆள் ஒருவரைப் பேசியிருப்பதாகச் சற்றுமுன் அறிந்தேன். அந்த நான்கிலும் இப்போதுதான் நானே துணி கட்டிவிட்டு வந்தேன். தண்ணீர் அடையாளத்துக்காக அல்ல. வெட்டும் உத்தரவு ரத்தாகும் நாள்வரை இந்தக் கடிதம் உங்கள் இழுப்பறையில் இருக்கட்டும். இருக்கும் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.