நாலாம் கிணற்று உப்பு

நாலாம் கிணற்றில் மறுபடியும் உப்பு ஏறியிருந்தது.

பிருந்தன் அறிக்கையை மூன்று தரம் வாசித்தான். வாசிக்க வாசிக்க உப்பு குறைகிற மாதிரித் தெரியவில்லை.

மொன்றியலுக்கு வடக்கே ஒரு குப்பைமேடு. அதைச் சுற்றி ஆறு குழாய்க் கிணறுகள். குப்பையில் ஊறிய அழுக்குத் தண்ணீர், அடியில் விரித்த பிளாஸ்டிக்கைத் தாண்டி நிலத்தடி நீரில் கலக்கிறதா என்று பார்க்கச் சட்டப்படி தோண்டியவை. மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து, புவாண்ட்-கிளேரில் உள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவது பிருந்தனின் வேலை. கசிவு இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது உப்பு. ஐந்து கிணறுகள் ஒழுங்காக இருக்க, இந்த ஒன்று மட்டும் டிசம்பரிலிருந்து அவன் உயிரை வாங்கியது.

மார்ச்சோடு அவனுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் பாலசந்திரன். சென்னைக்காரர். நிதானமாகப் பேசியே ஆளைக் கொல்லுகிறவர்.

“பிருந்தன், தண்ணியில உப்பா, இல்ல உங்க கையில உப்பா?” என்றார். “ஊறுகாய் சாப்பிட்ட கையோட பாட்டிலைத் தொடுறீங்களோ?”

கையுறை போட்டுத்தான் தொடுகிறேன் என்று பிருந்தன் சொன்னது எடுபடவில்லை. அன்று மாலை மனைவி பிரியந்தியிடம், இனிமேல் மத்தியானச் சாப்பாட்டில் உப்பே வேண்டாம் என்றான்.

“பத்து வருசமாச் சாப்பிட்ட கறி இப்பதான் கரிக்குதோ?” என்றாள் அவள். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டிலும் உப்பு நின்றுபோனது. வீட்டில் பேச்சும் நின்றுபோனது. கிணற்றில் மட்டும் உப்பு கூடியது.

அடுத்து பாலசந்திரனின் பார்வை சப்பாத்துக்கு இறங்கியது. நவம்பரில் பிருந்தன் நாலாம் கிணற்றுச் சரிவில்தான் சறுக்கி மல்லாக்க விழுந்தான். குப்பைமேட்டு வாசலில் காவலுக்கு நிற்கும் சிவநேசம்தான் ஓடிவந்து தூக்கினார். பெற்ற தாய்கூட அவ்வளவு பதறியிருக்கமாட்டாள். அதைக் கேள்விப்பட்ட பிரியந்தி, அடியில் ஆணி வைத்த பனிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு சறுக்கலும் இல்லை.

“ஐஸ் உருகுறதுக்காக சிட்டி ரோட்டுல கொட்டுற உப்பெல்லாம் அந்த ஆணிக்குள்ளதான் இருக்கு. வேற ஷூ போடுங்க.”

வேறு சப்பாத்து என்றால் வீட்டில் கிடந்த மொட்டை ரப்பர்ச் சப்பாத்துத்தான். குப்பைமேட்டுக்குப் போவதற்கு முதல்நாள் வாசலுக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டும் என்பது விதி. சொல்லும்போது, இந்தச் சப்பாத்தோடு தான் விழுந்து சாகப்போவதாகவும் சிவநேசத்திடம் புலம்பினான்.

“நீர் ஒண்டுக்கும் யோசியாமல் வாரும் தம்பி” என்றார் அவர்.

ஆச்சரியம், சறுக்கவில்லை. இத்தனை வருடத்தில் கால்கள் கனடாவுக்குப் பழகிவிட்டன என்று பிருந்தன் பெருமைப்பட்டான். உப்பு இரண்டு மடங்கானது.

மாதம் ஒருமுறை போதாது, வாரம் ஒருமுறை எடு என்றார்கள். எடுத்தான். ஏறியது. ஒன்றுவிட்டொரு நாள் எடு என்றார்கள். இன்னும் ஏறியது. குழாயடிச் சீமெந்து குளிரில் வெடித்திருக்கிறது என்று அறிக்கையில் ‘ஏனையவை’ என்ற கட்டத்தில் எழுதினான். அந்தக் கட்டத்தை யாரும் வாசிப்பதில்லை. குப்பைமேட்டுக்காரர் லொறிகளை நிறுத்தி, ஒரு பக்கம் முழுவதையும் கிளறி, பிளாஸ்டிக்கில் ஓட்டை தேடினார்கள். இல்லை. அயலில் இருக்கும் பண்ணை வீட்டுக்காரர், தாங்கள் குடிக்கிற கிணற்றுக்கு என்ன கதி என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள். அது நியாயமான கேள்வி. பிருந்தனுக்கு அந்தக் கேள்வியால் நித்திரையும் போனது.

கடைசியில் சுற்றாடல் அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி அம்மா நேரில் பார்க்க வருவதாக முடிவானது. பாலசந்திரனும் வருவதாகச் சொன்னார். மூன்று பேர் வருகிறோம் என்று பிருந்தன் வழக்கம்போல வாசலுக்குப் போன் பண்ணினான்.

காலை எட்டு மணி. எங்கு பார்த்தாலும் கண்ணாடிப் பனி. கார் நிறுத்துமிடத்திலேயே அதிகாரி அம்மா இரண்டு தரம் தள்ளாடினார். சரிவுக்கு வந்ததும் பாலசந்திரன் பிருந்தனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே காதுக்குள் சொன்னார்:

“இன்னைக்கும் உப்பு வந்துச்சுன்னா லெட்டரை மறந்துடுங்க.”

பிருந்தனுக்கு அழுகை வராத குறை. உப்பில்லாத சோறு, பேசாத மனைவி, மொட்டைச் சப்பாத்து. இதற்குமேல் ஒரு மனிதன் என்னதான் செய்வது?

பின்னால் மூச்சுவாங்க ஓடிவந்தார் சிவநேசம்.

“பயப்பிடாமல் இறங்குங்கோ சேர், சறுக்காது. தம்பி விழுந்த நாளிலயிருந்து, அவர் வாற நாளெல்லாம் விடியவே வந்து அந்தக் குழாயடியில ஒரு மூட்டை உப்புக் கொட்டுறனான். இண்டைக்கு நீங்கள் மூண்டு பேர் எண்டபடியா மூண்டு மூட்டை.”