தலையாட்டும் வள்ளம்

"ஏலே ஆன்ட்ரூஸ், இது வள்ளமா, பூம்பூம் மாடா?" என்று மரியான் கத்தினான்.

எஞ்சின் இரைச்சலில் பாதி காற்றோடு போனது. மீதிப் பாதியே ஆன்ட்ரூஸுக்குப் போதுமானதாக இருந்தது.

மரியான் புதிதாக இறக்கிய ஃபைபர் வள்ளம், நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின். மெதுவாகப் போனால் பரம சாது. வேகம் கூட்டினால் மூக்கு எழும்பி எழும்பித் தண்ணீரில் அறைந்தது. உள்ளே இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே கரைக்கு வரவேண்டியிருந்தது. மீனோடு முதலில் வந்து சேருகிறவனுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. வேகமாகப் போகமுடியாத வேக வள்ளத்தை வைத்துக்கொண்டு மரியான் என்ன செய்வான்?

ஆன்ட்ரூஸ் பதினொரு வருடம் சார்ஜாவில் பணக்காரர்களின் ஸ்பீடு போட்டுகளுக்கு வைத்தியம் பார்த்தவன். ஆறு மாதத்துக்கு முன் இனி போவதில்லை என்று வந்து, கடற்கரைச் சாலையில் ஒர்க்‌ஷாப் போட்டான். இந்த வள்ளம் சரியானால் துறையில் உள்ள அத்தனை வள்ளமும் அவனிடம் வரும். ஆகாவிட்டால் பழைய முதலாளி அனுப்பிய விசா கைபேசியில் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

விசா வந்ததைச் சொன்னபோது மனைவி ஜெமி மீனை அலசிக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு வார்த்தையைத்தான் அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரு என்கிறாளா, போ என்கிறாளா? எட்டு வயது மகள் பெபிஷா இன்னமும் விருந்தாளியிடம் கேட்பதுபோல "சாப்பிட்டீங்களா அப்பா?" என்றுதான் கேட்கிறாள். ஒரு மாத லீவில் வந்தபோதெல்லாம் வீடு எந்த ஆட்டமும் இல்லாமல் ஓடியது. மெதுவாகப் போகிற வள்ளத்துக்கும் லீவில் வந்த மனிதனுக்கும் குறை தெரிவதில்லை.

திங்கட்கிழமை கரையில் வைத்து நோயைக் கண்டுபிடித்துவிட்டான்.

"பின்னால கனம் கூட, முன்னால கொறவு. எஞ்சினும் சாய்ஞ்சு நிக்குது. மூக்கு எழும்பாம என்ன செய்யும்?"

எஞ்சினின் சாய்வு ஆணியை ஒரு துளை உள்ளே தள்ளி அதை நிமிர்த்தினான். பெட்ரோல் கேனையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் நகர்த்தினான். மூக்குப் பகுதியை அங்கே அணியம் என்பார்கள். அதில் ஒரு சின்னக் கதவு வைத்த பெட்டி இருந்தது.

"இதுக்குள்ள என்ன கெடக்கு?"

"மாதா இருக்கா" என்றான் மரியான்.

ஆன்ட்ரூஸ் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு விலகினான். ஃபாதர் மந்திரித்து மாதா படம் வைத்த பெட்டி. பூ மாற்றவும் மெழுகுதிரி வைக்கவும் வீட்டுப் பெண்கள் மட்டும்தான் திறப்பார்கள். கிரீஸ் கையோடு யாரும் தொடமாட்டார்கள். அதற்குள் கச்சான் காற்று எழும்பிவிட்டதால் ஓட்டிப் பார்ப்பது மறுநாளைக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை காலை தலையாட்டம் நின்றிருந்தது. மரியான் சிரிப்பதற்கு வாயைத் திறந்தான். அந்த வாய்க்குள் ஒரு குடம் கடல் போனது. வள்ளம் மூக்கைத் தாழ்த்தித் தண்ணீரைக் கிளறிக்கொண்டு போனது. வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் ஒரேயடியாக வலப்பக்கம் வெட்டியது. அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் பாறைகளை இருவரும் மிகப் பக்கத்தில் பார்த்தார்கள்.

"கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான் ஆன்ட்ரூஸ்.

"என்னது?"

"வைத்தியம்."

பெட்ரோல் கேன் பாதி வழி பின்னால் போனது.

அன்று சாயங்காலம் ஜெமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் தைலம் தேய்த்துவிட்டான்.

"எங்க போன?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்குப் போனா இடுப்பு வலிக்குமா?"

"முட்டுல நின்னு செபிச்சா வலிக்காதா? வள்ளம் என்னாச்சு?"

"நாளைக்கு சரியாவும்."

"சரியாவும்" என்றாள் ஜெமி. அவனைவிட அவள் உறுதியாகச் சொன்னது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை மூக்கு இன்னும் ஆழமாகக் குத்தியது. எஞ்சினை ஒரு துளை மேலே தூக்கிக் கட்டினான். இப்போது புரொப்பல்லர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கியது. எஞ்சின் ஊரைக் கூட்டி அலறியது, வள்ளம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கரையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வியாழக்கிழமை வள்ளம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது. இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்து ஊஞ்சல் ஆடியது. கைப்பிடியில் தளர்ச்சி இருக்கும் என்று போல்ட்டுகளை முறுக்கினான். அடிப்பாகம் வளைந்திருக்கும் என்று வள்ளத்தைக் கவிழ்க்காமலே அடியில் படுத்து நூல் பிடித்துப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது. கடைசியில் மீன் எடைபோடும் தராசைக் கொண்டுவந்து ஆட்களையே நிறுத்தான். மரியான் எண்பத்திரண்டு கிலோ.

"போன வருசம் எழுபத்தாறு" என்றான் மரியான் வருத்தத்தோடு.

"நீ இடப்பக்கம் நாலு விரக்கடை தள்ளி இரி. சோத்துப் பாத்திரம் பின்னால வரட்டு. குடிதண்ணிய பாதியாக் குறை."

"மூச்சு விடலாமா மக்கா?"

"பைய விடு."

அன்றைக்கும் ஜெமிக்கு இடுப்பு வலி. வெள்ளிக்கிழமை வலி தோளுக்கும் ஏறியது. தைலம் தேய்த்த கையைக் கழுவாமல் ஆன்ட்ரூஸ் உட்கார்ந்திருந்தான். சார்ஜாவில் ஒரு வள்ளம்கூட அவனை இப்படிச் சோதித்ததில்லை. அங்கே அவன் கைபட்டால் சரியாகும். இங்கே கைபடப் படக் கெடுகிறது. அவனுக்கு அழுகை வந்தது. தைல நெடி என்று சொல்லிச் சமாளித்தான்.

சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை ஓட்டினார்கள். வள்ளம் மூக்கால் உழுதது, வெட்டியது, சாய்ந்தது. இதுவரை செய்த அத்தனையையும் ஒன்றாகச் செய்து காட்டியது. கரையில் ஏற்றியதும் மரியான் அவன் தோளில் கைவைத்தான்.

"சாரமில்ல, விடு மக்கா. வள்ளந்தான் கொள்ளாது. கம்பெனிக்கே திருப்பிக் குடுக்கேன், லாரி வரச்சொல்லியாச்சு. உன்மேல பிழையில்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்தக் கனிவுதான் கொன்றது. குறை வள்ளத்தில் இல்லை என்று நூல் பிடித்தவனுக்குத் தெரியும். வேறெதில் இருக்கிறது என்பதும் இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. பதினொரு வருடத்தில் கடல் மாறிவிட்டது. அவன் கைக்குப் பழகிய தண்ணீர் சார்ஜாக் கரையில்தான் இருக்கிறது. வீடும் அவன் இல்லாமலே ஓடப் பழகிவிட்டது. ஜெமி சொன்ன 'உங்க இஷ்டம்' என்பதற்குப் பொருள் அதுதான் போலிருக்கிறது.

கைபேசியை எடுத்து முதலாளிக்கு "வாறேன்" என்று எழுதினான். அனுப்புவதற்கு விரலை வைத்தபோது மரியானின் மனைவி கிளாரா வெறும் கூடையோடு மணலில் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அண்ணே, லாரி வரதுக்கு மின்ன இந்த அணியப் பெட்டிய ஒண்ணு ஒழிச்சுத் தாருங்க. ஒத்தைக்கு என்னால தூக்க ஏலாது."

"மாதா படத்தத் தூக்கதுக்கா?"

"படத்த நான் எடுத்துக்கிடுவேன், அதுக்குக் கீழ உள்ள அஞ்சு மூட்டை உப்பத்தான், இந்த வள்ளம் சரியாவணும், நீங்க திரும்ப சார்ஜாவுக்குப் போவப்பிடாதுன்னு உங்க ஜெமி நேர்ந்துகிட்டு, தினம் சாயங்காலம் ஃபாதர்ட்ட மந்திரிச்சு, ஒரு மூட்டை வீதம் சொமந்து கொண்டு வச்ச உப்பாக்கும்."