றெமிஜியஸ் அங்கிளின் பிரேம்

கட்டமைப்பு நிலையாக இல்லை, கணக்குப் போட முடியாது என்று கணினி சிவப்பு எழுத்தில் சொன்னது.

நிரோஷினிக்கு முகம் சூடேறியது. இரும்புக் கட்டடங்களுக்குக் கணக்குப் பார்க்கிற எஞ்சினியராக எட்டு வருடம் வேலை செய்கிறவள் அவள். இங்கே இருப்பதோ இரண்டு தூண், அவற்றின் தலையில் ஒரு பீம், அவ்வளவுதான். அவளுடைய அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் காலையில் பழகக் கொடுக்கிற பிரேம் இது. அதைத்தான் அஜக்ஸ் நகரில் றெமிஜியஸ் அங்கிள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து மூக்குக்கண்ணாடியை உயர்த்தி உயர்த்திப் பார்க்க, அவள் பிழையாகச் செய்திருந்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

"தூணுக்குக் கீழ நிலம் வைக்க மறந்துபோனன் அங்கிள். கதைச்சுக்கொண்டு இருந்ததில..."

"அப்ப இவ்வளவு நேரமும் அந்தரத்திலயோ நிண்டது?"

"ஓம்."

அங்கிள் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

இந்த மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது நிரோஷினியின் பன்னிரண்டு வருட ஆசை. அவள் மன்னாரில் பிறந்து, ஏழு வயதில் கனடா வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போய்வர அப்பாவின் பழைய கொரொல்லாக் கார்தான் இருந்தது. அது மாதத்துக்கு ஒருமுறை எங்கேயாவது படுத்துவிடும். ரெக்ஸ்டேலில் கராஜ் வைத்திருந்த றெமிஜியஸ் அங்கிள்தான் நாலு வருடமும் அதை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்டால், முதலில் படித்து முடி, பிறகு பார்ப்போம் என்பார். ஒரு ஜனவரி காலை, குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே போயிருந்த நேரம், கார் அசையவே மாட்டேன் என்றது. அன்றைக்குத்தான் இரும்புக் கட்டமைப்புப் பரீட்சை. அங்கிள் கார் இழுக்கிற ட்றக்கில் வந்து, காரை விட்டுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போய், பரீட்சை மண்டபத்து வாசலிலேயே இறக்கினார். மேலே மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. ஏதோ விபத்து என்று காவலாளி ஓடிவந்தான். அந்தப் பரீட்சையில் எடுத்த புள்ளிகளால்தான் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது.

போன ஜூனில் கோயில் திருவிழாச் சாப்பாட்டில் அங்கிளையும் அவருடைய மனைவி ஜோசப்பின் அன்ரியையும் பல வருடங்களுக்குப் பிறகு கண்டபோது, உங்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று நிரோஷினி சொன்னாள். ஒன்றும் வேண்டாம் என்றார். திரும்பவும் கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, கையிலிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுச் சற்று யோசித்தார்.

"கராஜில எஞ்சின் தூக்க ஒரு பிரேம் வேணும். செய்து தருவியோ?"

ஜோசப்பின் அன்ரி கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

இப்படித்தான் முதல் சனிக்கிழமை வந்தது.

தூண்களுக்குக் கீழே நிலம் வைத்ததும் கணினி சமாதானமாகிக் கணக்குப் போட்டது. ஆனால் விடை வேறு மாதிரி இருந்தது. பீம் நடுவில் நூற்றி நாற்பது மில்லிமீற்றர் தொய்யும் என்றது. நிரோஷினி அடுத்த பெரிய பீமைப் போட்டாள். போதவில்லை. அதற்கும் அடுத்ததைப் போட்டாள். அதுவும் சிவப்பு. ஒரு எஞ்சினைத் தூக்க மேம்பாலத்துப் பீம் கேட்கிறதே என்று அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தபோது அங்கிள் திரையில் விரலை வைத்தார்.

"இதில பதினாலு எண்டு கிடக்குது. அது அடியோ, மீற்றரோ?"

நிரோஷினி பார்த்தாள். அங்கிள் சொன்னது பதினாலு அடி. அவளுடைய அலுவலகம் மீற்றரில் வேலை செய்வது. கை பழக்கத்தில் பதினாலு மீற்றர் என்று அடித்திருந்தது.

"பதினாலு மீற்றர் எண்டால்," என்று அங்கிள் ஆறுதலாகச் சொன்னார், "பக்கத்துப் பீற்சாக் கடைக்காரன்ர போறணைக்குள்ளால போய் அங்கால வெளிக்கிடும். அவன் விடமாட்டான்."

அவள் வெட்கத்தோடு திருத்தினாள். முதலில் போட்ட பீமுக்கே திரை முழுக்கப் பச்சையாகியது. தொய்வு நாலு மில்லிமீற்றர். ஒரு டொலர் நாணயக் குத்தி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்த உயரம். வேலை முடிந்தது. அத்தோடு கணினியை மூடியிருக்கலாம். ஆனால் அங்கிளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, பாரம் தொங்கும்போது பிரேம் எப்படி நிற்கும் என்ற படத்தையும் அவள் காட்டினாள்.

படத்தில் பீம் வாழைப்பழம் போல வளைந்து நின்றது. தூண்கள் இரண்டும் வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தன.

"வளையுது," என்றார் அங்கிள்.

அது கண்ணுக்குத் தெரிவதற்காகப் பெருப்பித்துக் காட்டுவது, உண்மையில் நாலே மில்லிமீற்றர்தான் என்று நிரோஷினி விளங்கப்படுத்தினாள். அங்கிள் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, எதற்கும் இன்னும் கொஞ்சம் பெரிய பீமாகப் போட்டுப் பார்ப்போமே என்றார். அதற்குள் மத்தியானமாகிவிட்டது. அன்ரி மீன்குழம்பு வைத்திருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை பெரிய பீமோடு வந்தாள். படத்தில் அதே வாழைப்பழம். மென்பொருள் தானாகவே அளவைக் கூட்டிக் குறைத்து, எதைக் கொடுத்தாலும் நன்றாகத் தெரிகிற மாதிரித்தான் வளைத்துக் காட்டும் என்பதை அவள் முதலே சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப நான் கப்பலைத் தூக்கினாலும் இப்பிடித்தான் காட்டும். கோழியைத் தூக்கினாலும் இப்பிடித்தான் காட்டும். அப்பிடியோ?"

"ஓம் அங்கிள்."

"அப்ப உதைப் பாத்து என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்வி. நிரோஷினி பெருப்பிக்கிறதை நிற்பாட்டி, உள்ளது உள்ளபடி காட்ட வைத்தாள். பிரேம் மூன்று நேர்கோடுகளாக நின்றது. அங்கிள் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இப்ப ஒண்டும் நடக்கேல்லையே. பாரத்தைக் கழட்டிப்போட்டியோ?"

அன்றைக்கு நண்டு.

மூன்றாவது சனிக்கிழமைக்கு அங்கிள் கேள்விகளை ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். முதலாவது கேள்வி, தூண்களின் அடியில் முக்கோணம் முக்கோணமாகக் கிடக்கிறதே, அதை எங்கே வாங்குவது என்பது. அது வாங்குகிற சாமான் இல்லை, அடி கொஞ்சம் திரும்பக்கூடிய மாதிரிப் பூட்டியிருக்கிறது என்பதற்கான அடையாளம் என்றாள். அடி திரும்புமோ என்று கேட்டார். பேச்சுக்குத்தான் என்றாள். பேச்சுக்கும் திரும்பக்கூடாது என்றார்.

அவள் அடியை இறுக்கிப் பூட்டினாள். முக்கோணம் போய்ச் சதுரம் வந்தது. அங்கிளுக்குத் திருப்தி. ஆனால் இறுக்கிப் பூட்டினால் தூண் நிலத்தைப் பிடித்து முறுக்கும், அதைத் தாங்க நிலத்துக் கொங்கிறீற் தடிப்பாக இருக்க வேண்டும். எத்தனை அங்குலம் என்று கேட்டாள். எட்டு என்றார். இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்து, திரும்ப யோசித்துப் பார்த்ததில் அது ஐந்தாகத்தான் இருக்கும் என்றார். ஐந்தென்றால் தரையை உடைக்க வேண்டும். தரையை உடைக்காமல் இருப்பதற்காக நிரோஷினி இரண்டு பக்கமும் சாய்வான முட்டுக்கம்பிகள் வைத்தாள். வேலை நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருந்து செய்தது அது. பார்க்கவும் வடிவாக வந்திருந்தது.

"நல்லாயிருக்கு," என்றார் அங்கிள் நாலாவது சனிக்கிழமை. "கார் எதுக்குள்ளால வரும்?"

கராஜை ஒருமுறை நேரே பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் அன்றைக்கும் சொன்னாள். முதல் சனிக்கிழமையிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கிழமை முழுக்க அங்கேயே கிடக்கிறேன், சனிக்கிழமையாவது என்னை அந்த நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏற்றாதே, கராஜைப் பெடியங்கள் பார்த்துக்கொள்வாங்கள், அளவெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்பார் அங்கிள். அதைச் சொல்லும்போது நெற்றிப்பொட்டை விரலால் தட்டிக் காட்டுவார்.

ஐந்தாவது சனிக்கிழமை, கார் எஞ்சின் மட்டும் போதாது, சிலவேளை லொறி எஞ்சினும் வரக்கூடும் என்று அங்கிளுக்கு ஞாபகம் வந்தது. பாரம் மூன்று மடங்காகியது. பீம் திரும்பப் பெருத்தது. தூண் பெருத்தது. அன்ரியின் சாப்பாட்டில் நிரோஷினியும் பெருத்திருந்தாள். பிரேமின் நிறையே இப்போது அது தூக்கப்போகிற எஞ்சினைவிடக் கூடிப்போயிருந்தது.

வீட்டில் அவளுடைய கணவன் லெஸ்லி படத்தை எட்டிப் பார்த்தான்.

"நீர் இதில எஞ்சின் தூக்கப் போறீரோ, இல்லாட்டி கராஜையே தூக்கப் போறீரோ?"

நிரோஷினிக்குக் கோபம் வந்தது. லெஸ்லியில் இல்லை, அங்கிளில். நாற்பது வருடம் இரும்போடு வேலை செய்த மனிதர். அடி மீற்றர் பிழையை ஒரு பார்வையில் பிடித்தவர். அவருக்கு நாலு மில்லிமீற்றர் ஏன் விளங்கவில்லை? ஐந்து சனிக்கிழமை போய்விட்டது. பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு லெஸ்லிதான் கூட்டிக்கொண்டு போகிறான். இரண்டு மணித்தியால வேலை இது.

கோபம் வந்த கையோடு வெட்கமும் வந்தது. படுத்த காரை எழுப்ப அந்த மனிதர் எத்தனை தரம் வந்திருப்பார்? ஒரு தரமாவது, உனக்கு இதே வேலையாய்ப் போய்விட்டது என்று சொன்னாரா? மண்டப வாசலில் இறக்கிவிட்டு, பயப்படாமல் எழுது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர். அவருக்கு இன்னும் பத்துச் சனிக்கிழமை கொடுத்தாலும் அது அதிகமில்லை.

ஆனாலும் ஒரு வேலை என்றால் முடியத்தான் வேண்டும். முடித்துக் கொடுத்தால்தானே அது உதவி? அந்தக் கிழமை அவள் பிரேமை முதலிலிருந்து புதிதாகச் செய்தாள். லொறி எஞ்சினுக்கும் தாங்கும், கார் தாராளமாக உள்ளே வரும், தரையை உடைக்கத் தேவையில்லை, முக்கோணமும் இல்லை. அங்கிளின் கலண்டர் தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் நேரே பதில் எழுதினாள். இனிக் கேட்க ஒன்றுமே மிச்சமில்லை. அவளுடைய கையெழுத்தும் முத்திரையும் மட்டும்தான் பாக்கி. இடத்தைக் கண்ணால் பார்க்காமல் அதைப் போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை அங்கிளுக்குப் போன் எடுத்தாள். நாளைக்குக் காலமை நானே வந்து உங்களை ஏற்றிக்கொண்டு ரெக்ஸ்டேலுக்குப் போகிறேன், பத்து நிமிடம் பார்த்தால் போதும், நாளையோடு எல்லாம் முடிந்துவிடும் என்றாள்.



"முடிஞ்சிடுமோ?" என்றார் அங்கிள்.

"ஓம் அங்கிள். இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

"சரி பிள்ளை. வா."

சனிக்கிழமை ஒன்பதுக்கே அஜக்ஸ் போய்ச் சேர்ந்தாள். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். கதவைத் திறந்த ஜோசப்பின் அன்ரி, அவர் மேலே வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறார், நீ இப்படி வா என்று அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். அடுப்பில் இறால் கொதித்துக்கொண்டிருந்தது.

நிரோஷினி வரைபடத்தை மேசையில் வைத்தாள். இவ்வளவு நாளும் சொல்ல நினைத்ததை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அங்கிள் எங்களுக்குச் செய்ததற்கு இது ஒன்றுமேயில்லை அன்ரி, ஆனால் கடைசியில் அவருக்கு என்னால் ஒரு பிரேமாவது செய்து கொடுக்க முடிந்ததே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம் என்றாள். கராஜைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாள்.

அன்ரி மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தமாக ஓடவிட்டுவிட்டு, நிரோஷினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கராஜைப் பெப்ரவரியிலயே வித்தாச்சு பிள்ளை, அதுக்குப் பிறகு இந்த மனுசன் கட்டிலை விட்டு எழும்பி முகத்தைச் சேவ் எடுக்கிறது நீ வாற சனிக்கிழமையில மட்டும்தான், அதால உந்தப் படத்தில ஏதாவது ஒரு பிழை விட்டுக்கொண்டு வாற கிழமையும் வா."