மாமாவுக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது

சாத்தூர்
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

ஸ்பெயின் தேசத்தில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகள் வினோலியாவுக்கு, உன் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணனும், சிவகாசி அச்சுக் கம்பெனிகளில் பேப்பர் கட்டிங் மிஷின் பிடிப்பவர்களில் முதல் மூன்று பேரில் ஒருவனுமாகிய (மற்ற இருவரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள்) உன் தாய்மாமன் அருள்பிரகாஷ் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அத்தை, உன் அம்மா மூவரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். உன் சுகத்துக்காகவும், மாப்பிள்ளை மத்தேயோவின் சுகத்துக்காகவும், சம்பந்தி எமிலியோ அவர்களின் முழங்கால் வலிக்காகவும் தவறாமல் ஜெபித்து வருகிறோம். முழங்காலுக்கு ஜெபிப்பது உன் அத்தையின் பொறுப்பு, அவளுக்கும் அதே வலி என்பதால்.

நிற்க. கல்யாணத்துக்கு அம்மாவோடு இன்னும் ஒருவர்தான் வர முடியும், தங்குகிற வீட்டில் இடம் அவ்வளவுதான், யார் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்து விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வருகிறவர் உன் அப்பா ஸ்தானத்தில் நின்று உன் கையைப் பிடித்து ஆல்டர் வரைக்கும் கூட்டிப்போக வேண்டும், பாஸ்டர் "இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?" என்று கேட்கும்போது "நான்" என்று ஸ்பானிஷில் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றும் சொன்னாய். மூன்று மாதத்துக்கு முன்னால் போனில் அந்த வார்த்தையை எனக்கு நீயே சொல்லியும் கொடுத்தாய். மருமகளே, உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தினபோது மடியில் வைத்திருந்த தாய்மாமன், ஏழு கடல் தாண்டி வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அந்த ஊரார் என்ன நினைப்பார்கள்? பெண்ணுக்கு மாமன் ஊமை போலிருக்கிறது என்று நினைக்க மாட்டார்களா? ஆகையால் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு வார்த்தை எதற்கு, பாஷையையே படித்துவிடுவோம் என்று. படித்தும் விட்டேன். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

இதற்கிடையில் உன் சித்தப்பா செல்வமணி வாத்தியார் ஒரு பக்கம் வேலை பார்ப்பது என் காதுக்கு வந்தது. ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், இங்கிலீஷ் பேசுவார், கோட்டு இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது என்னிடம், "அருள், ஒம்ம எட்டாங்கிளாஸ வச்சுக்கிட்டு அங்கன போயி எங்க அண்ணன் பேரக் கெடுத்திராதீரும்" என்றார். நாலு பேர் முன்னாலே. எனக்குத் திருப்பிச் சொல்வதற்கு நிறைய இருந்தது, எல்லாம் ஸ்பானிஷில் இருந்ததால் அவருக்குப் புரியாதே என்று விட்டுவிட்டேன்.

நான் எப்படிப் படித்தேன் என்று நீ கேட்பாய். முதலில் எல்லோரும் செய்வது மாதிரி போனில் பாஷை சொல்லிக்கொடுக்கிற ஒரு ஆப்பு ஏற்றினேன். அது என்னை ஆப்பிள் சாப்பிடச் சொன்னது, பால் குடிக்கச் சொன்னது, பத்து நாளும் பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான், பெண் பால் குடிக்கிறாள் என்று இதே பாட்டுதான், அந்த வீட்டில் வேறு சமையலே கிடையாது போலும். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் பேசினால் அதற்குக் கேட்கவும் இல்லை, திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று பிடித்துக்கொண்டது. நான் கத்தினேன். பக்கத்து மிஷின்காரர் சீனிச்சாமி யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்து மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அன்றைக்கு அரை மணி நேரம் வேலை கெட்டது.

அப்போதுதான் கர்த்தர் எனக்குக் கண்ணைத் திறந்தார். நான் தினமும் மிஷினில் வெட்டுவதே வெளிநாட்டு லேபிள்தானே! தீப்பெட்டிக்கு மேலே ஒட்டுகிற லேபிள், தென் அமெரிக்கா ஆர்டர், ஒரு ஷீட்டில் எண்பது. பெட்டி ஒன்றுதான், ஆர்டருக்கு ஆர்டர் பாஷை மட்டும்தான் மாறும். இங்கிலீஷ் பேசும் நாட்டுக்குப் போகிற லேபிளில் எந்த மூலையில் எது இருக்கிறதோ, அதே மூலையில் அதே சமாச்சாரம்தான் இதிலும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இங்கிலீஷைத் தமிழாக்க எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற பாண்டிராஜ் இருக்கிறான். எதற்கு என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் சிவகாசி முழுக்கப் படிக்க வந்துவிடும். தென் அமெரிக்காவில் ஸ்பானிஷ்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "தென் அமெரிக்கா பூராவும் ஸ்பானிஷ்தான்" என்று அடித்துச் சொன்னவர் சாட்சாத் செல்வமணி வாத்தியார். அந்த ஒரு விஷயத்துக்கு நான் அவருக்கு நன்றியுள்ளவன்.

இரண்டு மாதத்தில் லேபிள் முழுவதும் மனப்பாடம். 'மான்டெர் ஃபோரா டோ அல்கான்சே டாஸ் கிரியான்காஸ்' என்றால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை. 'ஃபெச்சே ஆ காய்க்ஸா ஆன்டெஸ் டே அசெண்டெர்' என்றால் கொளுத்துமுன் பெட்டியை மூடு. 'கன்சர்வார் எம் லோகல் செகோ' என்றால் ஈரமில்லாத இடத்தில் வைத்துக் காப்பாற்று. 'ஃபாப்ரிகாடோ நா இந்தியா' என்றால் இந்தியாவில் செய்தது. நினைத்துப் பார், ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளைகளைப் பற்றி இருக்கிறது, வீட்டைப் பற்றி இருக்கிறது, சொந்த நாட்டைப் பற்றி இருக்கிறது. இந்தப் படிப்போடு ஆப்பைத் திறந்தால் அது என் பதிலுக்கு எல்லாம் தவறு, தவறு என்று சிவப்பாகக் காட்டியது. குழந்தைகளுக்கு நான் 'கிரியான்காஸ்' என்றால் அது 'நீனோஸ்' என்றது. நான் அச்சுத் தொழிலில் முப்பத்தொரு வருஷம் இருப்பவன். கண்டெய்னரில் ஏறி லட்சம் பேர் கைக்குப் போகிற அச்சை நம்புவதா, என் ஒருத்தன் போனுக்குள் இருக்கிற பொம்மையை நம்புவதா? ஆப்பை அழித்துவிட்டேன்.

பாஷை வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பேசிப் பார்த்தால்தானே தெரியும். அதற்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. போன மாதம் அந்தத் தென் அமெரிக்கா ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரரே கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் கம்பெனிக்கு வந்தார். வெயிலில் முகம் செவசெவ என்று, யாரோடும் பேச ஆளில்லாமல் பாவம், இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி இங்கிலீஷில் ஏதோ திக்கிக்கொண்டிருந்தார். நான் மிஷினை நிறுத்தி, கையைத் துடைத்துவிட்டு, நேரே முன்னால் போய், நெஞ்சைத் தொட்டு, 'அருள்பிரகாஷ், ஃபாப்ரிகாடோ நா இந்தியா' என்றேன். அந்த மனிதர் இளநீரைக் கீழே வைத்துவிட்டார். நான் விடவில்லை, குழந்தைகள், பெட்டி, ஈரமில்லாத இடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மருமகளே, அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, போட்டோ எடுத்து, அவர் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு என்னை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். போனுக்குள்ளிருந்து கைதட்டு கேட்டது. சொந்தத் தாய்மொழியைத் தாயில்பட்டி ரோட்டோரம் ஒருவன் தண்ணீர் பட்ட பாடாகப் பேசினால் யாருக்குத்தான் அழுகை வராது? அன்றையிலிருந்து முதலாளி என்னை வாங்க என்றுதான் கூப்பிடுகிறார். முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் இப்போது அதில் ஒரு அழுத்தம் இருக்கிறது.

அடுத்தது புதன்கிழமை நடந்தது, உனக்கு முழு விவரம் வந்திருக்காது, நீ டூட்டியில் இருந்தாய். உன் அம்மாவோடு பேச மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். நானும் அங்கே இருந்தேன், செல்வமணி வாத்தியாரும் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை போனை அவர் அப்பாவிடம் கொடுத்தார். வாத்தியார் முந்திக்கொண்டு தொண்டையைச் செருமி இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் பேசினார். வானிலை, கல்வி முறை, இரு நாட்டு நட்புறவு எல்லாம் வந்தது. சம்பந்தி எமிலியோவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது, மரியாதையாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் போனை வாங்கினேன். 'ஃபாப்ரிகாடோ நா இந்தியா' என்றேன். உடனே புரிந்துகொண்டு பெரிதாகச் சிரித்தார். பிறகு அவர் ஏதோ நீளமாகக் கேட்டார், வேகமாகப் பேசும் மனிதர். நான் யோசித்து, கொளுத்துமுன் பெட்டியை மூடு என்றேன். முகம் மாறிவிட்டது. மறுபடி சொல்லும்படி சைகை காட்டினார், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மூன்றாம் தடவை சொன்னதும் விறுக்கென்று எழுந்து உள்ளே போனார். அடுப்படியில் ஏதோ மூடுகிற சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறக்கிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்து நெஞ்சில் கை வைத்து எனக்கு நன்றி சொன்னார். பார், முதல் பேச்சிலேயே சம்பந்தி என் சொல்லைத் தட்டவில்லை. அந்த முழங்காலோடு எழுந்து போனார். வாத்தியார் சொன்னதற்கு யாராவது இருந்த இடத்தைவிட்டு அசைந்தார்களா?

நடையும் பழகிவிட்டேன். இங்கே நம் சர்ச்சில் வாசலில் இருந்து ஆல்டர் வரை முப்பத்திரண்டு எட்டு. உன் அத்தையை மணப்பெண்ணாக வைத்து நாலு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தோம். "கல்யாணத்தன்னிக்கே இம்புட்டு மெதுவா நடக்கலையே நீங்க, பசிக்குதுன்னு இழுத்துக்கிட்டுல்ல போனீக" என்று அவள் சொன்னாள். பத்தொன்பதாவது எட்டில், இடது பக்கம், உன் அப்பா சுந்தர்ராஜ் மச்சான் எப்போதும் உட்கார்ந்த பெஞ்சு வரும். நாலு சனிக்கிழமையும் அந்த இடத்தில் என் கால் கொஞ்சம் நின்றுபோனது. கீழே விரிப்பு மடிந்திருந்தது, அதனால்தான். உன் அத்தை குனிந்து பார்த்துவிட்டு விரிப்பு ஒன்றும் மடியவில்லையே என்றாள், அவளுக்குக் கண் சரியில்லை. அங்கே உன்னைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது நிற்காமல் நடப்பேன், அதற்கு நான் உத்தரவாதம். மச்சான் உயிரோடு இருந்திருந்தால் அவரே வந்து, அந்த ஒரு வார்த்தையையும் சுத்தமாகச் சொல்லியிருப்பார். என்னை எட்டாங்கிளாஸ் என்று கேலி செய்யாத ஒரே வாத்தியார் அவர்தான்.

ஆகையால், மருமகளே, அழைப்புக் கடிதத்தில் யார் பேர் என்ற கேள்விக்கே இடமில்லை. பாஷை தெரிந்தவன், நடை பழகியவன், சம்பந்தியின் மதிப்பைப் பெற்றவன் ஒருவன்தான் இங்கே இருக்கிறான். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பேரை எழுதவும், 'ஷ்' விட்டுப்போக வேண்டாம். அங்கே வந்ததும் கடைத்தெருவில், பஸ்ஸில், சர்ச்சில் எல்லோரிடமும் பேசிப் பேசி இன்னும் பழகிக்கொள்வேன். திரும்பி வரும்போது லேபிளில் பிழை இருந்தால் திருத்திக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிடுவேன் என்று நம்பிக்கை இருக்கிறது.

சர்வ வல்லமையுள்ள தேவன் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளை குட்டிகளோடு, ஸ்பானிஷில் சொல்வதானால், கன்சர்வார் எம் லோகல் செகோ, ஈரம் படாத இடத்தில் வைத்துக் காப்பாராக. சம்பந்திக்கு என் வணக்கத்தையும், அடுப்பை மறக்க வேண்டாம் என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் கையைப் பிடிக்கப்போகும் தாய்மாமன்
அருள்பிரகாஷ்

பி.கு.: கடிதத்தை உனக்கு வாட்சப்பில் அனுப்ப ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லி டீ நேரத்தில் பாண்டிராஜிடம் கொடுத்தேன். அவன் போட்டோ எடுக்காமல் படித்துவிட்டான். படித்துவிட்டு, "அண்ணாச்சி, இது பிரேசில் ஆர்டருல்ல. அங்கன ஸ்பானிஷ் இல்ல, போர்ச்சுகீசுதான பேசுறாக" என்றான். விசாரித்தேன், நிஜம்தான். அந்த வெளிநாட்டுக்காரர் ஏன் அழுதார், ஆப்பு ஏன் சிவந்தது, சம்பந்தி ஏன் மூன்று தடவை கேட்டார் என்பதெல்லாம் இப்போது புரிகிறது. இது முழுக்க முழுக்கச் செல்வமணி வாத்தியார் செய்த பிழை. எந்த நாட்டில் எந்தப் பாஷை என்று தெரியாத மனிதரை உன் கல்யாணத்துக்கு எப்படி அனுப்புவது, நீயே சொல். படித்த படிப்பு வீணாக வேண்டாம் என்றால் கல்யாணத்தைப் போர்ச்சுக்கலில் வைக்க முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார். மேப்பில் பார்த்தேன், ஒட்டினாற்போலத்தான் இருக்கிறது, சாத்தூருக்கும் நாரணாபுரத்துக்கும் உள்ள தூரம்தான் இருக்கும். அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் இன்னொன்று. கம்பெனி மூடும் வரை லேபிள் ஷீட்டெல்லாம் புரட்டிப் பார்த்தேன். மூடு, வை, உரசு, தள்ளி நில் என்று அடுத்தவருக்குச் சொல்வதற்கு எல்லாம் இருக்கிறது. 'நான்' என்பது மட்டும் எந்தத் தீப்பெட்டியிலும் இல்லை. நீ போனில் சொல்லிக்கொடுத்தாயே அந்த ஒரு வார்த்தை, அதை அன்றைக்கு ராத்திரியே மறந்துவிட்டேன் தாயீ, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டுதான் இந்த மூன்று மாதமும் படித்தேன். தமிழ் எழுத்தில், கொஞ்சம் பெரிதாக எழுதி அனுப்பு. சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தனியாக அனுப்பச் சிரமமென்றால் அழைப்புக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பினாலும் சரி.