மாதாவுக்கு முதுகு காட்டாத டிராக்டர்

மூன்றாவது கியர் விழவில்லை.

கிறகரி கியர் தடியைத் தள்ளினார். பெட்டி நறநறவென்று பல்லைக் கடித்தது. இன்னும் ஓங்கித் தள்ளினார். தடி அசையவே இல்லை.

பிற்பகல் நாலு மணிக்கு மாதா பவனி. வத்தேகமவுக்கு மேலே, தோட்டத்துக் கோயிலின் மாதா சொரூபம் வைத்த சக்கரக் கூட்டை முப்பத்துநாலு வருடமாக இழுத்துப் போவது அவருடைய சிவப்பு டிராக்டர்தான். வண்டி அவரைவிட ஆறு வயது இளையது, அவ்வளவே. அதில் இன்றுவரை வண்டி திருத்தும் எந்தக் கராஜ் பாஸின் கையும் பட்டதில்லை. அந்தப் பெருமையை ஞாயிறு பூசைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டை மாதிரி அழுக்குப் படாமல் வைத்திருந்தார்.

"என்னங்க, அக்குறணை அம்ஜத் பாஸக் கூப்பிட்டா என்ன?" என்றாள் மனைவி சூசையம்மா.

"கூப்பிடு. நல்ல சாமானக் கழட்டிட்டுப் பழசப் பூட்டிருவான். கராஜுக்காரன்கிட்ட வண்டியக் குடுக்கிறதும் நரிகிட்ட கோழியக் குடுக்கிறதும் ஒண்ணுதான்."

"அந்தப் புள்ள அப்படியாப்பட்டது இல்லீங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சூசையம்மா தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டாள்.

குளிருக்கு எண்ணெய் இறுகிப்போயிருக்கும் என்று கிறகரி முடிவுகட்டினார். அரைப் போத்தல் மண்ணெண்ணெயைப் பெட்டிக்குள் ஊற்றினார். இப்போது தடி அசைந்தது. தேத்தண்ணிக் கோப்பைக்குள் கரண்டி சுற்றுவதுபோல எல்லாப் பக்கமும் அசைந்தது. ஒரு கியரும் விழவில்லை.

தடியின் அடி மூடியைக் கழற்றினார். உள்ளே தடியின் நுனி, இருக்கவேண்டிய பள்ளத்தை விட்டு வெளியே கிடந்தது. ஆணி முடுக்கியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். 'டொக்' என்று ஏதோ விழுந்தது.

"விழுந்திருச்சு பாத்தியா! மூணாவது!" என்று எஞ்சினைக் கிளப்பிக் கிளச்சை விட்டார்.

டிராக்டர் பின்னால் போய்க் கோழிக்கூட்டின்மேல் ஏறி நின்றது. கோழிகள் ஏற்கெனவே மேயப் போயிருந்தது மாதாவின் கருணை.

றிவர்ஸிலிருந்து கியரை எடுக்க இரண்டு கையாலும் தடியை இழுத்தார். தடி கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் திருவிழாக் குழுச் செயலாளர் றஜீவ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கிறகரி தடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"மாமா, டிராக்டர் ரெடியா?"

"ரெடி."

"கோழிக்கூட்டு மேல நிக்குதே?"

"என் வண்டி, என் கூடு. எங்க நிறுத்தினா ஒனக்கென்ன?"

"இல்ல மாமா, எதுக்கும் இருக்கட்டுமேன்னு அம்ஜத் பாஸோட லொறிய வரச் சொல்லியிருக்கேன்."

கிறகரி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வருடம் லொறி இழுத்தால் பிறகு வருடா வருடம் லொறிதான். முப்பத்துநாலு வருடத்து மரியாதை ஒரு கியர் தடியோடு கழன்று போவதா?

தேயிலை மலை ஓரமாக, கழுத்தை முறுக்கிக்கொண்டு, கோயில்வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்டிப் போனார். மாதா கூட்டுக்கு முன்னால் லொறி நின்றது. அம்ஜத் சங்கிலியோடு இறங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, லொறிய எடு," என்றார் கிறகரி. "றஜீவு, கூட்ட என் வண்டி முன் கொக்கியில மாட்டு."

"முன்னாலயா? என்ன மாமா இது?"

ஃபாதரும் வந்து விழித்தார்.

"ஃபாதர், ராஜாத்திக்கு முன்னால யாராச்சும் முதுகு காட்டி ஒக்காருவானா? முப்பத்துநாலு வருஷம் அந்தத் தப்பப் பண்ணிட்டேன். இனி மாதா மொகத்தப் பாத்துக்கிட்டேதான் ஓட்டுவேன்."

ஃபாதர் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். "மாட்டுங்க," என்றார்.

பவனி புறப்பட்டது. றஜீவ் வழியில் நடந்து, "இடது மாமா, வலது மாமா, கான் மாமா, கான்!" என்று ஓரத்து வடிகாலைக் காட்டிக் கத்தினான். கிறகரி மாதாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து ஏற்கெனவே பிடித்துப்போய், எடுக்கவும் முடியவில்லை. தொழிலாளர் லயத்து வாசல்களில் பெண்கள் கும்பிட்டு அழுதார்கள். "எப்படியாப்பட்ட பக்தி பாருங்கடி!" என்று ஒரு கிழவி சொன்னது எஞ்சின் சத்தத்தையும் மீறி அவர் காதில் விழுந்தது.

சொரூபம் கோயிலுக்குத் திரும்பியதும் ஃபாதர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "இனி ஒவ்வொரு வருஷமும் பவனி இப்படித்தான்!" கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. டிராக்டர் மேல் கிறகரி, மகுடம் வைக்காத ராசா மாதிரி இருந்தார்.

அம்ஜத் மெதுவாகக் கிட்ட வந்து, தடி இல்லாத கியர் பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"நல்லாப் பாத்துக்க தம்பி," என்றார் கிறகரி. "ஒரு பாஸோட கையும் படாத வண்டி."

அம்ஜத் தலையைச் சொறிந்தான்.

"அதெல்லாம் சரி ஐயா. ஒவ்வொரு வருஷமும் நீங்க மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போற அண்டைக்குத்தானே ஒங்கட வீட்டு அம்மா எங்களக் கூப்பிட்டு இந்தப் பெட்டியச் செஞ்சு வைக்கிற, முந்தி எங்கட வாப்பா, இப்ப நான். இந்த முற நீங்க ஏன் மடுவுக்குப் போகல்ல?"