இல்லாத முழங்கால் வலி

ஹில்க்காவை ஒரு நாளாவது வீட்டில் உட்கார வைப்பது என்று தீர்மானித்தேன். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவளைக் கேட்காமல் நான் எடுத்த முதல் தீர்மானம்.

இளமையில் எங்கள் ஊர் குவோப்பியோவில் பனி விழுந்துவிட்டால் என்னை வீட்டில் பார்க்க முடியாது. நாற்பது கிலோமீட்டர் பனிச்சறுக்கு. எவனையாவது முந்தியாக வேண்டும். ஹில்க்கா பிள்ளைகளோடு ஜன்னலில் நிற்பாள். அறுபது தாண்டியதும் முந்துவதற்கு ஆளில்லை. நான் சோபாவில் விழுந்தேன். அவள் எழுந்தாள். திங்கள் நீர்ப்பயிற்சி, புதன் ஏரிக்கரையில் இரண்டு கைத்தடி ஊன்றிய வேகநடை, வெள்ளி நடனம். எல்லாம் பெண்கள் கூட்டம். போகும்போதும் சிரிப்பு, வரும்போதும் சிரிப்பு. நடுவில் நானும் சுவர்க்கடிகாரமும். அதுவாவது ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை அவள் தடிகளை எடுத்ததும் முனகினேன்.

“என்ன எஸ்கோ?”

“முழங்கால் வலி.”

“எந்தக் கால்?”

“இடது... இல்ல, வலது.”

“வலிக்கறதால வலதா?”

“நீ இன்னிக்கு வீட்ல இருந்தா தேவலை.”

“நான் என்ன டாக்டரா? தண்ணிக்குள்ள பயிற்சி பண்ணு, சரியாயிடும். ஆம்பளைங்க குழு நாளைக்குத்தான்.”

“நீயும் வருவியா?”

“ஆம்பளைங்க குழுன்னேன். காதும் வலிக்குதா?”

போய்விட்டாள்.

மறுநாள் நீச்சல் குளத்தில், கழுத்தளவுத் தண்ணீரில், இரண்டே பேர். நானும் ரெய்யோவும். அவன் மனைவி சிர்க்கா, ஹில்க்காவோடு நடப்பவள். கரையில் நின்று பயிற்சி தரும் பெண் கையைத் தூக்கச் சொன்னாள்; தூக்கினோம். இருபது நிமிஷம் தூக்கிக்கொண்டே இருந்தோம்.

“முழங்காலா?” என்றான் ரெய்யோ.

“ஆமா. உனக்கு?”

“இடுப்பு.”

கொஞ்ச நேரம் காலை உதைத்தோம். நான்தான் கேட்டேன்.

“நெஜமாவே வலிக்குதா?”

“இல்ல. உனக்கு?”

“இல்ல.”

“சிர்க்கா கிளம்பிட்டா வீட்ல சத்தமே இல்ல, எஸ்கோ. நான் ரேடியோவோட சண்டை போடறேன்.”

தண்ணீர் புரையேறியது போல இருமி வைத்தேன். பயிற்சி முடிந்து நீராவி அறையில் ஒரு மணி நேரம் பேசினோம். நான் அவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் உண்மையைக் கொட்டிவிட்டேன்.

“ஹில்க்கா, எனக்கு வலியே இல்ல. தனியா இருக்கத்தான் முடியல.”

“தெரியும். ரெய்யோ பேசினானா?”

“அவன் அங்க இருப்பான்னு உனக்கெப்படித் தெரியும்?”

“மூணு மாசமா அந்தக் குளத்துல ஒண்டியா நிக்கறான். துணைக்கு ஒரு ஆள் வேணும்னு சிர்க்கா கேட்டா. உனக்கு எப்படா கால் வலி வரும்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருந்தோம். உன் பேரை போன மாசமே கொடுத்தாச்சு.”